‘வாயில வைக்க மாட்டேன்... ஆனா சொல்றேன்!’ - தாயில்பட்டி மாமாவின் குட்டிச் சுருட்டுச் சோதனை

ஞாயிற்றுக்கிழமை தாயில்பட்டிக்குள் பயராபீஸ் வேன் வராது. மற்ற நாள்களில் காலையிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் வேன்கள் அன்று ஓரமாக நிற்கும். திண்ணைகளில் நிதானமாகப் பேச்சுச் சத்தம் கேட்பது அன்றைக்குத்தான்.

அப்படியொரு ஞாயிறு காலை. வேடசந்தூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கிய மருமகன், திண்ணையில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் முன்னால் ஒரு பொட்டலத்தை வைத்தார். வாழைச்சருகில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. பிரித்தால், உள்ளே ஐந்து சுருட்டுகள். ஒவ்வொன்றும் நான்கு விரற்கடை நீளம்தான் இருக்கும்.

``புதுசா போட்டிருக்கோம் மாமா. குட்டிச் சுருட்டு. பெரிய சுருட்டைப் பத்தவச்சா முடிய அரை மணி நேரம் ஆகுது. இப்ப யாருக்கு அவ்வளவு நேரமிருக்கு? டீ குடிக்கிற நேரத்துல முடியணும்னு கேக்குறாங்க. நீங்க ஒண்ணு இழுத்துப் பார்த்துச் சொன்னா, அடுத்த மாசம் கடைக்கு அனுப்பிரலாம்.''

மாமா கையை நீட்டவில்லை. வீட்டு வாசலைப் பார்த்தார். அங்கே நிலைப்படியில் சாய்ந்தபடி பேத்தி நின்றுகொண்டிருந்தாள். நர்ஸிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

``சொல்லுங்க தாத்தா'' என்றாள்.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ``மாப்ளே... பதினோரு நாளா நான் சுருட்டு தொடல.''

### கன்னத்துக்குள் ஒரு வெள்ளை

விஷயம் இதுதான். இரண்டு மாதமாக அவருக்குக் காரம் சாப்பிட்டால் வலது கன்னத்தின் உட்புறம் எரிந்திருக்கிறது. மிளகாய் அதிகம் என்று மருமகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்த பேத்தி, செல்போன் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்தாள். கன்னத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. துணியால் துடைத்தால் போகவில்லை.

துடைத்தாலும் சுரண்டினாலும் போகாத இப்படிப்பட்ட வெள்ளைத் திட்டை மருத்துவர்கள் `லூக்கோபிளாக்கியா' என்கிறார்கள். எல்லாத் திட்டும் புற்றுநோய் கிடையாது. ஆனால், சில புற்றாக மாறக்கூடும். எது மாறும், எது மாறாது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சிறு துணுக்கு சதை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். மதுரையில் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சதையும் எடுத்தாயிற்று. புதன்கிழமை முடிவு வரும்.

மருமகன் பொட்டலத்தை மெதுவாக மடிக்கத் தொடங்கினார். முகம் வாடிவிட்டது. மாமாவை நினைத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவருடைய சின்னக் கொட்டகையில் சுருட்டு உருட்டும் ஆறு பெண்களை நினைத்து. மருமகனுக்குப் புகைக்கும் பழக்கமில்லை. இத்தனை வருடமாகப் புது இலை வந்தாலும் புது அளவு போட்டாலும், அதற்கு மார்க் போட்டது தாயில்பட்டி மாமாதான்.

``ஏன் மடிக்கிற? வை கீழ. வாயில வைக்க மாட்டேன்னுதான் சொன்னேன். பார்க்க மாட்டேன்னு சொன்னேனா?''

### குழாய் சுருட்டிய விரல்கள்

பெரியவர் 40 வருடம் பயராபீஸில் வேலை பார்த்தவர். மருந்து அறைப் பக்கம் அவருக்கு வேலையில்லை. வெடிக்கான காகிதக் குழாய் சுருட்டுவதுதான் அவர் வேலை. கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, இறுக்கி உருட்ட வேண்டும். குழாய் தளர்ந்தால் வெடி புஸ்ஸென்று போகும். எவ்வளவு இறுக்கம் சரி என்பது அவர் விரல்களுக்குத் தெரியும்.

ஒரு சுருட்டை எடுத்தார். முதலில் கண். நீளவாக்கில் ஒரு பார்வை. மேல் இலையில் கிழிசல் இல்லை. நரம்பு மெல்லிசாக இருந்தது. இரண்டு முனையும் நேராக வெட்டப்பட்டிருந்தன. வெளிநாட்டுச் சுருட்டுகளில் பெரும்பாலும் வாயில் வைக்கும் முனை மூடியிருக்கும். அதை நறுக்கிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். நம்மூர்ச் சுருட்டுக்கு அந்த வேலை கிடையாது.

அடுத்து விரல். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை லேசாக அழுத்திக்கொண்டே போனார். நடுவில் நின்றார்.

``இந்த இடத்துல கட்டியா இருக்கு மாப்ளே. உள்ள இலை மடங்கிக் கிடக்கு. இங்க வந்ததும் புகை அடைக்கும். இழுக்குறவன் பலமா இழுப்பான். பலமா இழுத்தா சூடு ஏறும். சூடு ஏறினா கசக்கும்.''

ஐந்தையும் அப்படியே தடவினார். மூன்று சரி. இரண்டில் கட்டி. ``ஒரே ஆள் உருட்டல. ரெண்டு கை பட்டிருக்கு'' என்றார். மருமகன் தலையாட்டினார். அந்த இரண்டும் புதிதாகச் சேர்ந்த பெண் உருட்டியவை.

சுருட்டில் மூன்று அடுக்கு உண்டு. நடுவில் திணிக்கும் இலை, அதைக் கட்டிப்பிடிக்கும் இலை, மேலே போர்த்தும் இலை. உலகச் சந்தையில் சுருட்டின் பருமனை, ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அளக்கிறார்கள். மருமகன் கொண்டுவந்தது அரை அங்குலப் பருமன். அந்தக் கணக்கில் 32. பருமன் குறையக் குறைய உள்ளே திணிக்கும் இலையின் பங்கு குறைந்து, மேல் இலையின் பங்கு கூடும். அதனால் குட்டிச் சுருட்டில் மேல் இலை மட்டமாக இருந்தால் ஒளிக்க இடமில்லை. நல்ல மேல் இலையாகப் போட்டிருந்தார் மருமகன். அதற்கு ஒரு மார்க்.

### மூக்கு சொன்ன குறை

மூன்றாவதாக மூக்கு. சுருட்டின் வெட்டுமுனையை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். கொஞ்சநேரம் பேச்சில்லை.

``நீயே மோந்து பாரு தாயி'' என்று பேத்தியிடம் நீட்டினார்.

அவள் முகம் சுளித்தாள். ``மாட்டுத் தொழுவம் மாதிரி அடிக்குது தாத்தா.''

``அதான். பாடம் பத்தல.''

மருமகன் குனிந்துகொண்டார். புகையிலையைப் பறித்து உலர்த்தினால் மட்டும் சுருட்டுக்கு ஆகிவிடாது. ஈரப்பதம் பார்த்து, அம்பாரமாக அடுக்கி, அது உள்ளுக்குள் சூடேறி நொதிக்கும்வரை விட வேண்டும். அவ்வப்போது மேலே உள்ளதைக் கீழேயும், கீழே உள்ளதை மேலேயும் மாற்றி அடுக்க வேண்டும். அந்தப் பக்குவத்தில்தான் இலையிலுள்ள அமோனியா வெளியேறும். அவசரப்பட்டு முன்கூட்டியே எடுத்தால், தொழுவ வாடை இலையோடு தங்கிவிடும். எரிக்கும்போது மூக்கைக் குத்தும்.

``தீபாவளிக்குள்ள கடைக்கு அனுப்பணும்னு எடுத்துட்டோம் மாமா...''

``அவசரப்பட்டுச் செஞ்ச எதுவும் உருப்படாதுன்னு இந்த ஊர்க்காரனுக்கு நீ சொல்லித் தரணுமா?''

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விளக்கத் தேவையுமில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் என்று, இந்தப் பகுதியில் பட்டாசு விபத்துகள் நடந்த இடங்களை ஊர்க்காரர்கள் தேதியோடு நினைவில் வைத்திருக்கிறார்கள்.

### `மினி சிகார்' எதுக்கு?

காபி வந்தது. மருமகன் செல்போனில் டப்பாவின் டிசைனைக் காட்டினார். சிவகாசியிலேயே அச்சடிக்கக் கேட்டிருந்தார். மேலே பெரிய எழுத்தில் `மினி சிகார்' என்றிருந்தது.

``சுருட்டுன்னு போட்டா என்ன கேடு?'' என்றார் பெரியவர்.

கேள்வி நியாயமானதுதான். ஆங்கிலத்தில் `செரூட்' என்றொரு சொல் இருக்கிறது. இரு முனையும் வெட்டிய சுருட்டுக்கு அதுதான் பெயர். அது நம்முடைய `சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனதுதான். திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த புகையிலையில் உறையூர்ப் பக்கம் உருட்டிய திருச்சி சுருட்டுக்கு ஒரு காலத்தில் லண்டன் வரை பேர் இருந்தது. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கீழே சிந்திக் கிடந்த சாம்பலை வைத்தே, கொலைகாரன் பிடித்தது திருச்சி சுருட்டு என்று துப்பறிவார் ஹோம்ஸ். திண்டுக்கல்லில் ஸ்பென்சர் நிறுவனம் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. வின்ஸ்டன் சர்ச்சிலுக்கும் நம்மூர்ச் சுருட்டு பிடிக்கும் என்று சொல்வதுண்டு.

``அந்தப் பெருமையெல்லாம் சரி. நீங்க பெருமை பேசிட்டு ஒண்ணை எடுத்துடாதீங்க'' என்றாள் பேத்தி.

பெரியவர் சிரித்தார். ``எடுக்க மாட்டேன். ஆனா, இது எரியுறதைப் பார்க்காம மார்க் போட முடியாதே தாயி...''

அவள் யோசித்தாள். உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு பெரிய சிரிஞ்சு. ஊசி இல்லாதது. நோயாளிக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கப் பயன்படும் 50 மில்லி சிரிஞ்சு. கூடவே ஒரு துண்டு ரப்பர் குழாய், கொஞ்சம் பஞ்சு.

``வாய்க்குப் பதிலா இது இழுக்கும்.''

கேட்க விளையாட்டாக இருக்கலாம். ஆனால், ஆய்வகங்களில் சிகரெட்டைச் சோதிப்பதும் இப்படித்தான். நிமிடத்துக்கு ஒருமுறை, 2 விநாடி நேரத்தில், 35 மில்லிலிட்டர் புகையை எந்திரம் இழுக்கும். வழியில் ஒரு வடிகட்டி. அதில் படிவதை எடுத்து அளப்பார்கள்.

### வெட்டவெளியில் ஒரு தீக்குச்சி

திண்ணையில் பற்றவைக்க பெரியவர் சம்மதிக்கவில்லை. பக்கத்து வீட்டில் தாள் அடுக்கியிருந்தார்கள். மூவரும் ஊருக்கு வெளியே கரிசல் காட்டு ஓரம் வரை நடந்தார்கள். ஒரு செங்கல், ஒரு வாளித் தண்ணீர்.

வேலை பார்த்த காலத்தில் பயராபீஸ் வாசலில் தினமும் சோதனை இருக்கும். தீப்பெட்டி, பீடி, லைட்டர் எதுவும் உள்ளே போகக் கூடாது. சுருட்டை அவர் டீக்கடை டப்பாவில் போட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் வீடு திரும்பிய பிறகுதான் பற்றவைப்பார். ஒரு நாளைக்கு ஒன்று. கூலி வாங்கும் சனிக்கிழமை மட்டும் இரண்டு.

குச்சியைக் கிழித்தார். உடனே சுருட்டிடம் கொண்டுபோகவில்லை. குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். அது எரிந்து தீர்ந்து, மரம் மட்டும் எரியும்வரை காத்திருந்தார். இல்லாவிட்டால் முதல் புகையில் மருந்து வாடை ஏறிவிடும். பிறகு, சுருட்டு முனையைச் சுடரில் முக்காமல், சுடருக்குக் கொஞ்சம் மேலே பிடித்துத் திருப்பினார். முனை முழுக்க வட்டமாகக் கங்கு பிடித்தது. பேத்தி சிரிஞ்சின் தண்டை இழுத்தாள்.

பெரியவர் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்து, கங்கை மட்டும் பார்த்தார். மருமகன் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

எரியும் கோடு: ஒரு பக்கம் ஓடாமல் வட்டமாகவே நகர்ந்தது. நன்று.

கங்கு: இழுக்காமல் விட்டாலும் அணையவில்லை. வேடசந்தூரில் 1948-ல் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இலையில் கங்கு வைத்து, எத்தனை விநாடி அணையாமல் நிற்கிறது என்று பார்ப்பது புகையிலை ஆய்வில் அடிப்படையான சோதனை. பெரியவர் அதைத் திரிக்குச் செய்வதுபோல மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்.

சாம்பல்: கிட்டத்தட்ட ஒரு விரற்கடை வரை உதிராமல் நின்றது. தூள் இலை திணித்திருந்தால் உடனே கொட்டியிருக்கும். நிறம் கறுப்பு கலந்த சாம்பல். வெள்ளைச் சாம்பல்தான் உசத்தி என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில், அந்த நிறத்தில் மண்ணிலுள்ள தாதுக்களுக்கும் பங்கு உண்டு.

கடைசிப் பகுதி: இங்கேதான் குட்டிச் சுருட்டின் சிக்கல். நீளமான சுருட்டில் புகை, கங்கிலிருந்து வாய்க்கு வரும் வழியில் இலைக்குள்ளேயே கொஞ்சம் குளிரும். குட்டியில் அந்த வழி குறைவு. பாதி தாண்டியதும் ரப்பர் குழாய் சூடாகிவிட்டது.

``இதுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு ஒரு கோடு போடு மாப்ளே. பாதியிலேயே போட்டுறணும்.''

### பஞ்சு

பத்துப் பன்னிரண்டு இழுப்பில் சோதனை முடிந்தது. மிச்சத்தைத் தண்ணீரில் அமுக்கினார் பெரியவர். பேத்தி ரப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே வைத்திருந்த பஞ்சை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

வெள்ளையாகப் போன பஞ்சு, வேப்பம் பிசின் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரும் பேசவில்லை. பெரியவர் நாக்கால் வலது கன்னத்தை உள்ளே ஒருமுறை தடவிக்கொண்டார்.

``நான் புகையை உள்ள இழுக்குறதே இல்லையே தாயி. வாயில வச்சு ஊதுறதோட சரி.''

``அதனாலதான் தாத்தா வாயில வந்திருக்கு.''

சுருட்டுப் பிடிப்பவர்கள் பலரும் சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது. சுருட்டுப் புகை பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. அதனால் நுரையீரலுக்குப் போகாவிட்டாலும், வாயின் உட்சவ்வு வழியாகவே நிகோடின் ரத்தத்தில் கலந்துவிடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்குச் சுருட்டு ஒரு காரணம் என்பது மருத்துவ உலகம் உறுதி செய்த விஷயம். அளவில் சிறிய சுருட்டுகளிலோ இன்னொரு ஆபத்தும் உண்டு. பார்க்க சிகரெட் போலவே இருப்பதால், பலர் சிகரெட் போலவே புகையை நெஞ்சு வரை இழுத்துவிடுகிறார்கள்.

### நோட்டில் ஏறிய தீர்ப்பு

திரும்பி நடக்கும்போது பெரியவர் சொல்லச் சொல்ல, மருமகன் எழுதினார்.

``உருட்டல், பத்துக்கு ஏழு. புதுப் பொண்ணுக்கு இன்னும் ஒரு மாசம் பழக்கம் வேணும். மேல் இலை, ஒன்பது. எரியுறது, எட்டு. பாடம், மூணு. இந்த இலையை இன்னும் ரெண்டு மாசம் அம்பாரத்துல போடு. தீபாவளி போனா போகட்டும்.''

``ருசி மாமா?''

``அதை விட்டுரு. எனக்குத் தெரியாது.''

கொஞ்சதூரம் போனதும் நின்றார். ``இன்னொண்ணு எழுது. பேர்ல `மினி'யும் வேணாம், `குட்டி'யும் வேணாம். சின்ன வெடிதானேன்னு கையில பிடிச்சு விரல் போனவனை இந்த ஊர்ல எத்தனை பேர் பார்த்திருக்கோம்! சின்ன சுருட்டுதானேன்னு ஒரு பையன் எடுத்துறக் கூடாது. எச்சரிக்கைப் படம் சட்டத்துல எவ்வளவு பெருசா போடச் சொல்லியிருக்கோ, ஒரு நூல்கூடக் குறையக் கூடாது.''

புகையிலைப் பாக்கெட்டின் இரு பக்கமும் 85 சதவிகித இடத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது 2016-லிருந்து நடைமுறையில் இருக்கும் விதி. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது 2003-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சுருட்டுக்கும் இவை பொருந்தும்.

``இப்படியெல்லாம் போட்டா யாரு மாமா வாங்குவா?'' மருமகன் குரல் தாழ்ந்திருந்தது.

``வாங்குறவன் தெரிஞ்சு வாங்கட்டும். உருட்டுற பொண்ணுகளுக்குச் சுருட்டு ஒண்ணுதானா தெரியும்? வேற வேலைக்கும் இப்பவே வழி பாரு. எனக்கு 27 வயசுல யாராவது இந்தப் பஞ்சைக் காட்டியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சுக்கிட்டே வர்றேன்...''

மருமகன் பதில் சொல்லவில்லை. மீதி நான்கு சுருட்டையும் வாழைச்சருகில் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே கிளம்ப வேண்டியவர், கிளம்பவில்லை. புதன்கிழமை வரை இருந்து, மாமாவோடு மதுரைக்குப் போனார்.

### புதன்கிழமை

முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால், செல்களில் ஆரம்பநிலை மாற்றம் தொடங்கியிருக்கிறது. புகையிலையை அடியோடு விட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார் மருத்துவர். பழக்கத்தை விட்டால் திட்டு சுருங்கவும், சிலருக்கு மறையவும் வாய்ப்புண்டு என்றும் சொல்லியிருக்கிறார்.

பெரியவருக்குச் சாயங்காலம் ஏழு மணிதான் கஷ்டம். கை தானாக மடியைத் தடவுகிறது. அப்போது இரண்டு கிராம்பை வாயில் போட்டுக்கொள்கிறார். எரிச்சல் வந்து எழுந்து நடக்கிறார். பேத்தி ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் வந்து, ``வாயைத் திறங்க'' என்கிறாள்.

மருமகனின் நோட்டில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. உருட்டல் 7. மேல் இலை 9. எரிதல் 8. பாடம் 3. `ருசி' என்று எழுதிய இடத்துக்கு எதிரே மட்டும் எதுவுமில்லை.

(வாய்க்குள் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறப்பதில் சிரமம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். புகையிலைப் பழக்கத்தை விட விரும்புபவர்கள் தேசியப் புகையிலை மீட்பு உதவி எண் 1800-11-2356-ல் இலவசமாக ஆலோசனை பெறலாம்.)